கண்டு, கண்டம், கண்டி: ‘கேண்டி’ என்னும் சொல்லின் வழித்தடம்

சமூக ஊடகங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு படங்கள் சுற்றுக்கு வருகின்றன. ஒன்றில் ஆங்கிலத்தின் ‘கேண்டி’ தமிழின் ‘கண்டு’ என்று அறிவிக்கப்படுகிறது. மற்றொன்றில் அதே ‘கேண்டி’ சமஸ்கிருதத்தின் ‘கண்ட’ என்று அறிவிக்கப்படுகிறது. இரண்டின் கீழும் வாழ்த்துகளும் வசைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் குவிகின்றன. இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் ஒரே வகை அகராதிகளைத்தான் என்பது இதில் வேடிக்கை. ஆங்கில அகராதிகள் பலவும் சொல்லின் பயணத்தை சமஸ்கிருதம் வரை கொண்டுசென்று, பிறகு ‘திராவிட மூலமாக இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பைச் சேர்க்கின்றன. ஒரு தரப்பு அந்தக் குறிப்பையே வெட்டிவிடுகிறது. மறுதரப்பு குறிப்பை வைத்துக்கொண்டு ‘லாம்’ என்னும் ஈற்றை வெட்டிவிடுகிறது. மொழியியல் வகுப்பறைகளுக்கு வரும் மாணவர்களில் பலர் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் சொற்பிறப்பியலில் ஆர்வம் கொள்கிறார்கள் என்பதால், வெட்டப்பட்ட அந்த ஈற்றைத் திரும்ப ஒட்டிப் பார்ப்பது தேவையாகிறது.

முதலில், எவரும் மறுக்காத பகுதி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது தனிச்சொல் அன்று. ‘சுக்ர் கேண்டி’ போன்ற ஒரு தொடர். அது பழைய பிரெஞ்சின் ‘சுக்ர் காந்தி’ என்பதிலிருந்து வந்தது. பிரெஞ்சுத் தொடரின் பின்பகுதி அரபியின் ‘கந்தீ’. அரபிச் சொல் பாரசீகத்தின் ‘கந்து’ என்பதன் வழிவந்தது. பாரசீகம் அதனை இந்தியாவிலிருந்து பெற்றது. தொடரின் முன்பகுதியும் இந்தியாவிலிருந்து போனதே: சமஸ்கிருதத்தின் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷகர்’ ஆகி, அரபியில் ‘சுக்கர்’ ஆகி, ஐரோப்பாவில் ‘சுக்ர்’, ‘ஜுக்கெரோ’, ‘சுகர்’ என்று பலவாறாகக் கிளைத்தது. ஆக, ஐரோப்பியர் தம் வாயில் போட்டுக்கொண்ட அந்தத் தொடரில் இரண்டு சொற்களும் இந்தியச் சொற்கள். பின்னர் அமெரிக்காவில் ‘கேண்டி’ எல்லா இனிப்புக்கும் பொதுப்பெயராயிற்று. இந்தியாவில் அந்த இடத்தை ‘டாஃபி’யும், தமிழகக் குழந்தைகளிடையே ‘சாக்லேட்’டும் பிடித்துக்கொண்டன. கொக்கோ துளியும் இல்லாத ஆரஞ்சு மிட்டாயைக்கூடச் ‘சாக்லேட்’ என்று கேட்டு வாங்கும் குழந்தைக்கு வரலாற்று மொழியியல் எவ்விதத்திலும் உதவுவதில்லை.

இந்தியாவுக்குள் அந்தச் சொல்லின் வயது என்ன? அர்த்தசாஸ்திரம் பண்டசாலைக் கண்காணிப்பாளரின் பொறுப்பில் இருக்கும் பொருள்களை வகைப்படுத்தும்போது, கரும்பிலிருந்து பெறுவன ஐந்தை ஒரே தொகுதியாகத் தருகிறது: பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகா, கண்டம், சர்க்கரா. காய்ச்சிய பாகிலிருந்து வெல்லம், அதிலிருந்து மணி பிடித்த நிலைகள் என்று, ஏறத்தாழத் தூய்மை கூடும் வரிசையில் இவை நிற்கின்றன. ‘மத்ஸ்யண்டிகா’ என்பதைப் பிரித்தால் மீன்முட்டை கிடைக்கும். பாகில் மணி விழத் தொடங்கும் நிலையை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியிராது. ‘சர்க்கரா’ என்பதன் முதற்பொருள் சரளைக்கல். பழைய மருத்துவ நூல்களில் அதே சொல் சிறுநீரில் இறங்கும் கல்பொடியையும் குறித்தது. இன்று தமிழகத்து மருத்துவமனை வரிசையில் ‘எனக்குச் சர்க்கரை’ என்று ஒருவர் சொன்னால் அது முற்றிலும் வேறொரு நோய். சரளைக்கல், இனிப்பு, சிறுநீர்க்கல், நீரிழிவு என்று நான்கையும் ஒரே சொல் சுமந்துவிட்டது.

இனிப்பைக் கல்லோடு ஒப்பிடும் வழக்கம் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. சீனத்தில் சர்க்கரைக்குப் பழைய பெயர்களுள் ஒன்று ‘கல்தேன்’ என்று பொருள்படும். கி.பி. 647இல் தாங் பேரரசர் தாய்சோங் கரும்பிலிருந்து சர்க்கரை செய்யும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்பது சீன வரலாற்றில் பதிவானது. சீன அறிஞர் ஜி சியான்லின் சர்க்கரையின் வரலாற்றைப் பெருநூலாகவே எழுதினார். அவரை ஈர்த்த கேள்விகளுள் ஒன்று, மகதத்திடம் கற்ற சீனாவின் பெயரை இந்தியர் ஏன் வெள்ளைச் சர்க்கரைக்கு வைத்தார்கள் என்பது. இந்தியின் ‘சீனி’யும் தமிழகத் தென்மாவட்டங்களின் ‘சீனி’யும் அந்த நாட்டின் பெயரே. கற்கண்டுக்கு வடஇந்தியர் வைத்த ‘மிஸ்ரி’ எகிப்தின் பெயர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து அஸ்காவில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த சர்க்கரை ஆலை, மதராஸ் மாகாணம் முழுவதும் வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’வாக்கியது. வந்த ஊரின் பெயரைப் பண்டத்தின் மேல் ஒட்டிவிடுவது வணிகத்தின் இயல்பு. அந்த ஒட்டுச்சீட்டை வைத்து, பண்டம் அந்த ஊரில் பிறந்தது என்று முடிவுகட்டினால் சர்க்கரையைக் கண்டுபிடித்தவர்கள் எகிப்தியரா சீனரா என்று அடித்துக்கொள்ள நேரிடும்.

இனிச் சர்ச்சைக்குரிய பகுதி. சமஸ்கிருதத்தின் ‘கண்ட’ மூச்சொலி கலந்த ககரத்தில் தொடங்குகிறது. பொருள்: உடைந்தது, துண்டு, பகுதி. நிலப்பகுதியையும் அது குறித்தது. ஜார்க்கண்ட், உத்தராகண்ட் ஆகிய மாநிலப் பெயர்களின் பின்பகுதி இதுதான். தமிழின் ‘கண்டம்’, ‘அகண்ட’, ‘கண்டதுண்டம்’ ஆகியவற்றிலும் இதுவே இருக்கிறது. இலக்கண மரபு ‘உடைத்தல்’ என்னும் பொருளில் ஒரு வினைவேரையும் காட்டுகிறது. ஆயினும் இந்தோ–ஐரோப்பியக் குடும்பத்தின் பிற கிளைகளில், கிரேக்கத்திலோ லத்தீனிலோ, அனைவரும் ஏற்கும் இனச்சொல் இதற்குக் கிட்டவில்லை. நடுவில் நிற்கும் நாவளை மெல்லினமும் வல்லினமும் இணைந்த ‘ண்ட’ என்னும் கூட்டு, ஆய்வாளர் வழக்கமாக ஐயத்தோடு நோக்கும் ஓர் அடையாளம். சமஸ்கிருதம் இந்தியாவில் பிறமொழிகளிடமிருந்து பெற்ற சொற்களில் இத்தகைய அமைப்பு அடிக்கடி தென்படுகிறது.

தமிழின் பக்கம் ‘கட்டு’, ‘கட்டி’, ‘கண்டு’ என்று ஒரு சொற்குடும்பம் நிற்கிறது. கட்டி என்பது இறுகித் திரண்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கட்டி’க்கு உறுதியானது, கெட்டியானது என்று பொருள். தமிழில் ‘கண்டு’ இன்றும் அன்றாடம் வழங்குவது ‘நூல்கண்டு’ என்னும் தொடரில். சுற்றித் திரட்டிய உருண்டை என்பது அதன் பொருள். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு இனச்சொற்கள் உண்டு. எனவே ‘கற்கண்டு’ என்பதைக் ‘கல்போல் திரண்ட கட்டி’ என்று தமிழுக்குள்ளேயே விளக்க முடிகிறது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னலும் இந்தச் சாத்தியத்தை அப்போதே முன்வைத்தார்கள். இது அண்மையில் எவரோ இட்டுக்கட்டிய கருத்து என்று ஒதுக்குவோர் அந்த அகராதியைப் புரட்டியதில்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டு விளக்கங்களும் இரண்டு செயல்களைக் காட்டுகின்றன என்பதைக் கவனிக்கலாம். ஒன்றில் பெரியது உடைந்து சிறியதாகிறது. மற்றொன்றில் சிதறியது கூடித் திரள்கிறது. கற்கண்டு செய்யும் முறையோ இரண்டாவதற்கே சாதகம். செறிவான பாகில் நூல்களைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசையாமல் விட்டுவைத்தால், நூலைப் பற்றிக்கொண்டு மணிகள் வளர்கின்றன. பனங்கற்கண்டைக் கடிக்கும்போது நடுவே நூல் சிக்குவது அதனால்தான். உடனே ‘நூல்கண்டு–கற்கண்டு, இதோ சான்று’ என்று சிலர் துள்ளக்கூடும். ஆனால் அழகான பொருத்தம் சான்றாகிவிடாது. அர்த்தசாஸ்திரம் சொல்லும் ‘கண்டம்’ நூலில் வளர்த்த கற்கண்டுதான் என்று காட்ட வழியில்லை. வடஇந்தியச் சந்தையில் இன்றும் ‘காண்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவது, பாகை வடித்துப் பிரித்த பழுப்புத் தூள் சர்க்கரை. கட்டியாகத் திரளாத ஒன்று.

இந்தக் குழப்பத்தில் தமிழ் எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மூச்சொலியையும் ஒலிப்பையும் தமிழ் நெடுங்கணக்கு தனித்துக் காட்டுவதில்லை. அதனால் நிலப்பகுதியாகிய கண்டமும், நீலகண்டரின் கழுத்தாகிய கண்டமும், ‘இந்த வயதில் தண்ணீரில் கண்டம்’ என்று சோதிடர் எச்சரிக்கும் கண்டமும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. சமஸ்கிருதத்தில் இவை மூன்று வெவ்வேறு முதலெழுத்துகள் கொண்ட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள். கோயில் கண்டாமணி நான்காவது. இப்படிப் பல ஊற்றுகளின் நீர் ஒரே வாய்க்காலில் ஓடும் மொழியில், ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவு சொல்வது மிக ஆபத்தானது. ஆட்டிறைச்சியைத் துண்டாக்கி உப்பிட்டு உலர்த்தும் ‘உப்புக்கண்டம்’ எந்த ஊற்றைச் சேர்ந்தது? துண்டு என்ற பொருளால் வடசொல் போலத் தோன்றும். தெலுங்கில் தசைக்கு வழங்கும் ‘கண்ட’வைப் பக்கத்தில் வைத்தால் திராவிடச் சொல் போலத் தோன்றும்.

ஈற்றெழுத்து ஏதேனும் துப்புத் தருமா என்று பார்க்கலாம். சமஸ்கிருதத்தின் அகர ஈற்று அஃறிணைப் பெயர்கள் தமிழுக்கு வரும்போது பொதுவாக ‘அம்’ ஏற்கும்: வனம், தனம், கண்டம். மலையாளத்தின் ‘கல்க்கண்டம்’ அந்த விதிக்கு இணங்கி நடக்கிறது. தமிழிலும் ‘கண்டசருக்கரை’ என்னும் தொடர் உண்டு. அது ஐயத்துக்கு இடமின்றி வடசொல். ஆனால் ‘கண்டு’ என்பது உகரத்தில் முடிகிறது. ஆகவே அது கடன்சொல் அன்று, தமிழ்ச்சொல்லே என்று வாதிடலாம்; வாதம் வலுவாகவும் தெரிகிறது. ஆனால் அதே கடையில் ‘குல்கந்து’ இருக்கிறது. ரோஜா இதழையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டத்தின் பெயர் பாரசீகத்தின் ‘குல்’ (ரோஜா), ‘கந்து’ (சர்க்கரை) ஆகியவற்றின் கூட்டு. மெய்யில் முடிந்த வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வந்ததும் உகரம் ஏற்றுவிட்டது. ‘காண்ட்’ என்னும் பிற்கால வடஇந்திய வடிவமும் அவ்வாறே ‘கண்டு’ ஆகியிருக்கக்கூடும். எனவே ஈற்றெழுத்து தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனாலும் எதையுமே சொல்ல முடியாது என்று கைவிரிப்பதும் நேர்மையாகாது. கேள்வியை இரண்டாகப் பிரித்தால் விடைகள் வெவ்வேறு உறுதியோடு கிடைக்கின்றன. பாரசீகத்துக்குப் போன சொல் எங்கிருந்து போனது என்பது முதற்கேள்வி. நிலவழியில் அண்டையில் இருந்தவை வடமேற்கின் இந்தோ–ஆரிய மொழிகள். சர்க்கரை என்னும் பொருளில் ‘கண்ட’ அங்கே பழமையான எழுத்துச்சான்றும் பெற்றிருக்கிறது. எனவே அது இந்தோ–ஆரிய வழியாகப் போனது என்பதே பொருத்தமான முடிவு. தமிழ்நாட்டுக் கற்கண்டு நேரே கப்பலேறிப் பாரசீகம் போய்க் ‘கேண்டி’ ஆயிற்று என்னும் கதைக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. அந்த இந்தோ–ஆரியச் சொல் தானே எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. அங்கே திராவிடக் கருதுகோள் உயிரோடு இருக்கிறது. ‘கண்டு’ குடும்பம் பல திராவிட மொழிகளில் பரவியிருப்பதும், எதிர்ப்பக்கம் இந்தோ–ஐரோப்பிய இனச்சொல் கிட்டாமையும் அதற்குத் துணை. ‘உடைதல்’ பொருளுக்கும் ‘திரளுதல்’ பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவு அதற்குத் தடை. அகராதியாளர் எழுதிய ‘இருக்கலாம்’ என்னும் சொல் இந்த நிலைமையைத் துல்லியமாகவே அளந்திருக்கிறது.

இடையே, அயலில் நிற்கும் ஒப்போலிகள் சிலவற்றை விலக்கிவிடுவது நல்லது. இந்தியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ‘ஷகர்கந்த்’, அங்கே ‘கந்த்’ என்பதைக் கிழங்கு என்னும் பொருளுள்ள ‘கந்த’மாகக் கொள்வதே தகும், தமிழின் ‘கந்தமூலம்’ நினைவுக்கு வரலாம். சமர்கந்தின் ‘கந்த்’ சோக்தியானத்தில் ஊரைக் குறிப்பது. ஆங்கிலத்தின் ‘கேண்டிட்’, ‘கேண்டிடேட்’ இரண்டும் வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தவை. தேர்தலில் நிற்பவருக்கும் மிட்டாய்க்கும் சொல்லளவில் உறவில்லை. இலங்கையின் கண்டி நகரப் பெயர், மலை எனப் பொருள்படும் சிங்களத்தின் ‘கந்த’ என்பதைப் போர்த்துக்கேயர் திரித்து வழங்கியதால் வந்தது. உண்மையான உறவு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது: ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு வழங்கும் ‘ஜாகரி’. மலையாளத்தின் ‘சக்கர’ போன்ற தென்னிந்திய வடிவம் ஒன்று போர்த்துக்கேயர் வாயில் ‘ஜாகரா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. அதுவும் ‘சர்க்கரா’வின் பிள்ளையே. ஆகவே ‘சுகர் வேண்டாம், ஜாகரி போடுங்கள்’ என்று உடல்நலம் கருதிச் சொல்பவர், ஒரே சொல்லை விலக்கி அதே சொல்லைக் கேட்கிறார்.

கடைசியாக இன்னொரு ‘கேண்டி’. ஹாப்சன்–ஜாப்சனில் சர்க்கரைக் கேண்டியின் பக்கத்திலேயே எடைக் கேண்டி நிற்கிறது. மராத்தியில் ‘கண்டீ’, தமிழிலும் மலையாளத்திலும் ‘கண்டி’, போர்த்துக்கேயத்தில் ‘காந்தில்’. மதராஸில் ஒரு கண்டி 20 மணங்கு, அதாவது 500 பவுண்டு. பம்பாயில் 560 பவுண்டு. பருத்திக்கு மட்டும் மேற்கிந்தியாவில் 784 பவுண்டு என்று வேறொரு கணக்கு. மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கடைசிக் கணக்கு மறையவில்லை. 784 பவுண்டைக் கிலோவாக்கினால் 355.62, இந்தியப் பருத்திச் சந்தை இன்றும் விலை சொல்வது 356 கிலோ கொண்ட அந்தக் கண்டிக்கே. கோவை, திருப்பூர்ச் செய்திகளில் அது ஆங்கில உச்சரிப்பு ஏறிக் ‘கேண்டி’ என்றே அச்சாகிறது. தமிழில் ஏற்கெனவே இருந்த ‘கண்டி’ ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பியபோது, வீட்டார் அதை அடையாளம் காணவில்லை.

2022 மே மாதத்தில் ஒரு கேண்டிப் பஞ்சின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறிற்று. திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்கள் வேலையை நிறுத்திப் போராடின. அந்த வாரங்களில் ‘கேண்டி’ என்பது ஒரு தொழிலாளியின் வீட்டில் சம்பளம் வருமா என்பதைத் தீர்மானித்த சொல். அந்தத் தொழிலாளி வேலை செய்யும் ‘ஆலை’யும் இந்தக் கதையில் ஏற்கெனவே இடம்பெற்றதுதான். சங்க இலக்கியத்தில் ஆலை என்பது கரும்பாலை. பெரும்பாணாற்றுப்படையில் அது பாகு காய்ச்சும் புகையோடு வருகிறது. பஞ்சாலையும் நூற்பாலையும் அந்தக் கரும்புக் கருவியின் பெயரை இரவல் வாங்கியவை.

சர்க்கரையை நூலாக இழுத்துச் சுற்றும் பண்டத்துக்கு அமெரிக்கர் ‘காட்டன் கேண்டி’ என்கிறார்கள். தமிழில் பஞ்சுமிட்டாய், தெலுங்கில் பீச்சு மிட்டாய், வங்கத்தில் காற்று மிட்டாய், இந்தியில் கிழவியின் கூந்தல், பாரசீகத்தில் கம்பளி என்று பொருள்படும் ஒரு பெயர். 2024 பிப்ரவரியில் புதுச்சேரி அரசும் அடுத்துத் தமிழக அரசும் ரோடமைன்–பி என்னும் சாயம் கலந்திருந்ததைக் கண்டறிந்து பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தன. அது துணிக்குப் போடும் சாயம். குழந்தைகளின் வயிற்றுக்குள் போகத் தகாதது. தடைக்குக் காரணம் இருந்தது. கடற்கரைகளில் நீண்ட கழியில் இளஞ்சிவப்புப் பைகளைச் சுமந்து திரிந்த விற்பனையாளர்களில் கணிசமானோர் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தங்கள் ஊரில் அவர்கள் அதனை ‘புட்டீ கே பால்’ என்று கூவி விற்றிருப்பார்கள். மெரினாவுக்கு வந்து சேர்ந்த சில நாள்களிலேயே ‘பஞ்சுமிட்டாய்’ என்று கூவக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தொடரில் பாதி மட்டுமே அவர்களுக்குப் புதிது. ‘மிட்டாய்’ அவர்கள் மொழியின் ‘மிட்டாயி’தான்.